சுரங்கப் பங்கு மதிப்பீட்டில் நீண்டகால மெய் வருவாய்

நீண்டகால மெய் வருவாய் முறை என்பது, ஒரு நிறுவனத்தின் பங்கு விலையை அதன் ஓராண்டு வருவாயுடன் ஒப்பிடாமல், பணவீக்கத்தின் விளைவு நீக்கப்பட்ட பல ஆண்டு வருவாயின் சராசரியுடன் ஒப்பிட்டு மதிப்பிடும் முறையாகும். பொதுவாகப் பத்து ஆண்டு வருவாய் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் எண் சுழற்சி சரிசெய்த விலை-வருவாய் விகிதம் எனப்படும். இதனைப் பரவலாக அறிமுகப்படுத்திய அமெரிக்கப் பொருளியலாளர் ராபர்ட் ஷில்லரின் பெயரால் ஷில்லர் விகிதம் என்றும் அழைக்கப்படுகிறது.

இரும்புத் தாது, செப்பு, நிலக்கரி போன்றவற்றை அகழும் நிறுவனங்களின் வருவாய் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுகிறது. எனவே இத்துறைப் பங்குகளை மதிப்பிட இம்முறை குறிப்பாகப் பயன்படுகிறது. எனினும், சுரங்கத்திலுள்ள தாது ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதை இவ்விகிதம் காட்டுவதில்லை. ஆகையால் சுரங்க நிறுவனங்களுக்கு இதனைத் தனித்துப் பயன்படுத்த இயலாது.

அடிப்படைக் கருத்து

பங்கின் விலையை, ஒரு பங்குக்கு உரிய ஓராண்டு வருவாயால் வகுத்தால் கிடைப்பது விலை-வருவாய் விகிதம் ஆகும். விகிதம் குறைவாக இருந்தால் பங்கு மலிவானது என்றும், மிகுதியாக இருந்தால் விலை உயர்ந்தது என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. உணவுப்பொருள், மருந்து போன்ற துறைகளில் வருவாய் ஓரளவு சீராக இருப்பதால் இவ்வளவை அங்கு பயன் தருகிறது.

சுரங்கத் துறையின் இயல்பு வேறு. சுரங்க நிறுவனம் தன் பொருளின் விலையைத் தானே தீர்மானிப்பதில்லை. உலகச் சந்தை தரும் விலையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அகழ்தல், இருப்புப்பாதை, துறைமுகம், ஊதியம் ஆகியவற்றுக்கான செலவு அதே வேகத்தில் மாறுவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு டன் தாதுவை எடுத்து அனுப்ப 50 டாலர் செலவாகிறது எனக் கொள்வோம். விற்பனை விலை 100 டாலராக இருந்தால் இலாபம் 50 டாலர். விலை 60 டாலராகக் குறைந்தால் இலாபம் 10 டாலர் மட்டுமே. அதாவது விலை 40 விழுக்காடு குறையும்போது இலாபம் 80 விழுக்காடு குறைகிறது.

இதனுடன் காலத் தாழ்வும் சேர்ந்துகொள்கிறது. புதிய சுரங்கம் ஒன்றைக் கண்டறிந்து, அனுமதி பெற்று, உற்பத்தியைத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆகும். விலை உயர்ந்திருக்கும்போது தொடங்கப்படும் திட்டங்கள், பெரும்பாலும் தேவை தணிந்த பின்னரே உற்பத்திக்கு வருகின்றன. அப்போது வழங்கல் மிகுந்து விலை மேலும் சரிகிறது. இரும்புத் தாதுவின் விலை 2011 தொடக்கத்தில் டன்னுக்கு 180 டாலரைத் தாண்டியது. 2015 டிசம்பரில் 40 டாலருக்குக் கீழ் இறங்கியது. 2021 மே மாதத்தில் 200 டாலருக்கு மேல் சென்றது.

இதனால் சுரங்கப் பங்குகளில் விலை-வருவாய் விகிதம் தலைகீழான செய்தியைத் தரக்கூடும். வருவாய் உச்சத்தில் இருக்கும்போது வகுக்கும் எண் பெரிதாக இருப்பதால் விகிதம் சிறிதாகி, பங்கு மலிவானதுபோல் தோன்றும். வருவாய் அடிமட்டத்தில் இருக்கும்போது விகிதம் பெரிதாகும். நட்டம் ஏற்பட்ட ஆண்டில் விகிதத்துக்குப் பொருளே இல்லை. இவ்விளைவைப் பற்றி 1953ஆம் ஆண்டில் எழுதிய நிக்கோலசு மொலோதோவ்சுக்கியின் பெயரால் இது மொலோதோவ்சுக்கி விளைவு எனப்படுகிறது.

வரலாறு

பல ஆண்டு வருவாயின் சராசரியைப் பயன்படுத்தும் எண்ணம் பழமையானது. பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் ஆகியோர் 1934ஆம் ஆண்டில் வெளியிட்ட பங்காவணப் பகுப்பாய்வு நூலில், குறைந்தது ஐந்து ஆண்டு, இயன்றால் ஏழு அல்லது பத்து ஆண்டு வருவாயின் சராசரியைக் கொள்ளுமாறு பரிந்துரைத்தனர். 1929ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பிந்தைய காலத்தில் இந்நூல் எழுதப்பட்டது.

ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் ஆகிய இருவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பணவீக்கம் நீக்கிய வருவாயின் நீண்டகாலச் சராசரி, பங்குச்சந்தையின் பிற்கால ஆதாயத்தை ஓரளவு முன்னுணர்த்துவதைக் காட்டினர். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த ஷில்லரின் நூல் இவ்விகிதத்தைப் பொது வாசகர்களிடம் கொண்டுசென்றது. அமெரிக்கச் சந்தையில் அப்போது இது 40க்கு மேல் இருந்தது. ஷில்லருக்கு 2013ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு மற்ற இருவருடன் பகிர்ந்து வழங்கப்பட்டது.

ஷில்லர் இதனைப் பல நூறு நிறுவனங்களைக் கொண்ட முழுச் சந்தைக்குப் பயன்படுத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு தனி நிறுவனத்துக்கு, அதிலும் சுரங்க நிறுவனத்துக்குப் பயன்படுத்தும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

கணிக்கும் முறை

1. கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வோராண்டும் ஒரு பங்குக்கு உரிய வருவாய் எடுத்துக்கொள்ளப்படுகிறது. நட்டம் ஏற்பட்ட ஆண்டுகள் எதிர்ம எண்ணாக அப்படியே சேர்க்கப்படுகின்றன.
2. ஒவ்வோராண்டு வருவாயும் இறுதி ஆண்டின் நுகர்வோர் விலைச் சுட்டெண்ணால் பெருக்கப்பட்டு, அந்தந்த ஆண்டின் சுட்டெண்ணால் வகுக்கப்படுகிறது. இதுவே மெய் வருவாய்.
3. பத்து மெய் வருவாய்களின் சராசரி கணிக்கப்படுகிறது.
4. பங்கின் விலை இச்சராசரியால் வகுக்கப்படுகிறது.

பணவீக்கத்தை நீக்காவிட்டால் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு டாலரும் இன்றைய ஒரு டாலரும் சமம் என்றாகிவிடும். அமெரிக்க நுகர்வோர் விலைச் சுட்டெண் 2016 சூனில் 241.0 ஆகவும், 2025 சூனில் 322.6 ஆகவும் இருந்தது. எனவே 2016ஆம் ஆண்டின் ஒரு டாலர், 2025இன் 1.34 டாலருக்குச் சமமாகும்.

எடுத்துக்காட்டு: பிஎச்பி

பிஎச்பி ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ணைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்க நிறுவனமாகும். இதன் கணக்காண்டு சூன் 30 அன்று முடிவடைகிறது. கணக்குகள் அமெரிக்க டாலரில் வெளியிடப்படுகின்றன. ஆகவே இங்கு அமெரிக்கச் சுட்டெண் பயன்படுத்தப்பட்டுள்ளது. ஒரு பங்குக்கான வருவாய், முதலில் பெயரளவிலும், அடுத்து 2025ஆம் ஆண்டு டாலர் மதிப்பிலும் கீழே தரப்பட்டுள்ளது.

2016: −1.20, −1.61
2017: 1.11; 1.46
2018: 0.70, 0.89
2019: 1.60, 2.02
2020: 1.57, 1.97
2021: 2.24, 2.65
2022: 6.11, 6.65
2023: 2.55; 2.70
2024: 1.56; 1.60
2025: 1.78, 1.78

பெயரளவுச் சராசரி 1.80 டாலர், மெய் வருவாயின் சராசரி 2.01 டாலர்.

பங்கின் விலை 26 டாலர் என ஒரு கணக்குக்காகக் கொள்வோம். 2022ஆம் ஆண்டு வருவாயைக் கொண்டு பார்த்தால் விலை-வருவாய் விகிதம் ஏறத்தாழ 4. 2018ஆம் ஆண்டு வருவாயைக் கொண்டு பார்த்தால் 37. ஒரே விலை, ஒரே நிறுவனம். ஆனால் தெரிவு செய்யும் ஆண்டைப் பொறுத்து விடை ஒன்பது மடங்கு வேறுபடுகிறது. பத்தாண்டு மெய் வருவாயைக் கொண்டால் விகிதம் ஏறத்தாழ 13 ஆகும்.

2011, 2016 ஆகிய ஆண்டுகளின் நிலை

இவ்விரு அளவைகளும் முரண்பட்ட இரு தருணங்கள் இந்நிறுவனத்தின் வரலாற்றில் உண்டு.

சீனாவின் உருக்குத் தேவை பெருகியிருந்த காலத்தில், 2011 சூனில் முடிந்த ஆண்டில் நிறுவனம் ஏறத்தாழ 2,360 கோடி டாலர் இலாபம் ஈட்டியது. ஒரு பங்குக்கு வருவாய் 4.29 டாலர். அப்போது பங்கின் விலை ஏறத்தாழ 47 அமெரிக்க டாலர். விலை-வருவாய் விகிதம் 11 என்பதால் பங்கு மலிவாகத் தோன்றியது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் மெய் வருவாய்ச் சராசரி 1.8 டாலருக்கும் சற்றுக் குறைவே. அதன்படி விகிதம் 26க்கு மேல் இருந்தது.

2016 சனவரியில் நிலை நேர்மாறாக இருந்தது. பங்கின் விலை ஏறத்தாழ 10 அமெரிக்க டாலருக்கு இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய கணக்காண்டின் வருவாய் பங்குக்கு 0.36 டாலர் மட்டுமே. எனவே விலை-வருவாய் விகிதம் 28 அளவில் இருந்தது. பத்தாண்டு மெய் வருவாயின் சராசரி ஏறத்தாழ 2.4 டாலர், அதன்படி விகிதம் 4 அளவில் இருந்தது.

2011இல் மலிவு எனக் கருதி வாங்கியவர்கள் ஐந்தாண்டுகளுக்குள் முதலீட்டின் பெரும்பகுதியை இழந்தனர். 2016 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இடைக்காலப் பங்காதாயமும் 62 சென்டிலிருந்து 16 சென்டாகக் குறைக்கப்பட்டது. பங்காதாயத்தை நம்பியிருந்த ஓய்வுபெற்றோருக்கு இது இரட்டை இழப்பாகும். ஆஸ்திரேலியச் சந்தையில் 2016 சனவரியில் 15 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழிருந்த விலை, 2019 நடுப்பகுதியில் 40 டாலரைத் தாண்டியது.

இவ்விரு தருணங்களிலும் நீண்டகால வருவாயே சரியான திசையைக் காட்டியது எனலாம். ஆனால் இரண்டு நிகழ்வுகள் ஒரு விதியை நிறுவப் போதா. மேலும் 2016இல் கிடைத்த 4 என்ற விகிதம் உண்மை நிலையை மிகைப்படுத்தியது. அச்சராசரியில் அடங்கிய ஆண்டுகளில் பெரும்பாலானவை ஏற்றக் காலத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வருவாயில் ஒரு பகுதி, 2015 மே மாதத்தில் சவுத்32 என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்ட சுரங்கங்களிலிருந்து வந்ததாகும். வாங்குபவருக்குக் கிடைக்காத சுரங்கத்தின் பழைய வருவாயைச் சராசரியில் சேர்ப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

ஒருமுறை நிகழ்வுகள்

நிறுவனங்கள் தம் அறிக்கைகளில் வழமைக்கு மாறான இலாப நட்டங்களை நீக்கிய அடிப்படை இலாபத்தையும் வெளியிடுகின்றன. சராசரி கணிக்கும்போது எதனைப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழுகிறது.

2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானா நகருக்கு அருகே, பிஎச்பியும் வாலே நிறுவனமும் சமமாக உரிமை கொண்ட சமார்க்கோ சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. 19 பேர் உயிரிழந்தனர். இதற்கான செலவும், அமெரிக்க எரிவாயு, எண்ணெய்ச் சொத்துகளின் மதிப்புக் குறைப்பும் சேர்ந்து 2016 கணக்காண்டில் ஏறத்தாழ 640 கோடி டாலர் நட்டத்தை ஏற்படுத்தின. அவற்றை நீக்கினால் அவ்வாண்டில் ஏறத்தாழ 120 கோடி டாலர் இலாபம் காணப்படுகிறது. மறுபுறம், 2022ஆம் ஆண்டு வருவாயில், பெட்ரோலியப் பிரிவை வுட்சைட் நிறுவனத்துடன் இணைத்ததால் ஏற்பட்ட ஏறத்தாழ 820 கோடி டாலர் ஆதாயம் அடங்கியுள்ளது.

இவை சராசரியை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கீழே காணலாம்.

- எதையும் நீக்காவிட்டால்: 2.01 டாலர்
- 2016இன் சிறப்பு நட்டத்தை மட்டும் நீக்கினால்: ஏறத்தாழ 2.20 டாலர்
- 2022இன் சிறப்பு ஆதாயத்தை மட்டும் நீக்கினால்: ஏறத்தாழ 1.83 டாலர்
- இரண்டையும் நீக்கினால்: ஏறத்தாழ 2.02 டாலர்

நட்டத்தை மட்டும் நீக்குவது கணக்கைச் சாய்க்கிறது. மேலும் ஒருமுறைச் செலவு எனக் குறிக்கப்படுவது உண்மையில் ஒருமுறையோடு முடிவதில்லை. அதே அணை உடைப்புக்காக 2024 அக்டோபரில் சமார்க்கோ, வாலே, பிஎச்பி ஆகியவை பிரேசில் அரசுகளுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் மதிப்பு, ஏற்கெனவே செலவிடப்பட்ட தொகையையும் சேர்த்து, 17,000 கோடி ரியால் ஆகும். சொத்து மதிப்புக் குறைப்பும் வெறும் கணக்கியல் பதிவு அன்று. முன்பு செலவிடப்பட்ட பணம் பயன் தரவில்லை என்பதன் காலந்தாழ்ந்த ஒப்புதலாகும். ஆகையால் நீண்டகாலச் சராசரியில் நட்டங்களைச் சேர்த்துக்கொள்வதே பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது.

காலப்பகுதியின் தாக்கம்

பத்து ஆண்டுகள் என்பது ஒரு மரபே தவிர, பொருளியல் விதி அன்று. சுரங்கத் துறையின் விலைச் சுழற்சி பத்தாண்டுகளைவிட நீளக்கூடும். அப்போது சராசரி முழுவதும் ஏற்றக் காலத்திலோ இறக்கக் காலத்திலோ அமைந்துவிடும்.

ஓர் ஆண்டு கணக்கிலிருந்து வெளியேறுவதும் விளைவை மாற்றுகிறது. மேலே கண்ட பட்டியலில் 2016ஐ விடுத்து எஞ்சிய ஒன்பது ஆண்டுகளை மட்டும் கொண்டால் சராசரி 2.41 டாலராக உயர்கிறது. சுரங்கத்தில் எந்த மாற்றமும் ஏற்படாமலேயே பங்கு மலிவானதுபோல் தோன்றும். ஆகவே ஏழு, பத்து, பதினைந்து எனப் பல காலப்பகுதிகளுக்கும் கணித்து, விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பது நல்லது.

பணவீக்கம் மறைக்கும் செலவு

நுகர்வோர் விலைச் சுட்டெண் முதலீட்டாளரின் வாங்கும் திறனைக் குறிக்கிறது. சுரங்கத்தின் செலவோ டீசல், உருக்கு, கனரக வாகனங்கள், ஊதியம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஏற்றக் காலங்களில் இவை பொதுப் பணவீக்கத்தைவிட வேகமாக உயர்கின்றன.

கணக்கியலில் தேய்மானம், இயந்திரம் வாங்கிய காலத்து விலையின் அடிப்படையில் கணிக்கப்படுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இயந்திரத்துக்குப் பதிலாக இன்று புதியதொன்றை வாங்க அதைவிட மிகுதியான பணம் தேவை. எனவே பணவீக்கக் காலத்தில் அறிவிக்கப்படும் இலாபம் உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்றும். பெரும் முதலீடு தேவைப்படும் சுரங்கத் துறையில் இவ்வேறுபாடு சிறியதன்று. வருவாயுடன், மூலதனச் செலவு போக எஞ்சும் பணத்தின் பத்தாண்டுச் சராசரியையும் கணித்தால் இது வெளிப்படும்.

பங்குகளின் எண்ணிக்கை

கணிப்பு எப்போதும் ஒரு பங்குக்கான வருவாயைக் கொண்டே செய்யப்பட வேண்டும். மொத்த இலாபம் உயர்ந்தாலும் பங்குகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாக உயர்ந்திருக்கலாம்.

ரியோ டின்டோ நிறுவனம் 2007ஆம் ஆண்டில், விலைகள் உச்சத்தை நெருங்கிய வேளையில், கனடாவின் அல்கன் அலுமினிய நிறுவனத்தை ஏறத்தாழ 3,800 கோடி டாலருக்கு வாங்கியது. கடன் சுமையைக் குறைக்க 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் மதிப்புள்ள உரிமைப் பங்குகளைத் தாழ்ந்த விலையில் வெளியிட்டது. 2013 சனவரியில் அலுமினியம், மொசாம்பிக் நிலக்கரி ஆகியவற்றுக்காக ஏறத்தாழ 1,400 கோடி டாலர் மதிப்புக் குறைப்பை அறிவித்தது. கடன் மிகுந்த நிறுவனத்தில், அடுத்த ஏற்றம் வரும்போது அதன் பயனைப் பெறுவோர் பழைய பங்குதாரர்கள் மட்டுமாக இருப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

தாது தீர்தல்

முழுச் சந்தைக்கும் தனிச் சுரங்க நிறுவனத்துக்கும் இடையேயான முதன்மை வேறுபாடு இதுவே. சந்தைச் சுட்டெண்ணில் நலிந்த நிறுவனங்கள் நீக்கப்பட்டுப் புதியவை சேர்க்கப்படுகின்றன. சுரங்கத்தில் எடுத்த தாது மீண்டும் விளைவதில்லை. கடந்த பத்தாண்டு வருவாய் என்பது, நிலத்திலிருந்து ஏற்கெனவே எடுத்து விற்கப்பட்டதன் பயனாகும்.

ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 2 டாலர் மெய் வருவாய் தரும் இரு நிறுவனங்களைக் கொள்வோம். அவ்வருவாய் முழுவதும் பங்குதாரருக்குக் கிடைப்பதாகவும், முதலீட்டாளர் எதிர்பார்க்கும் மெய் ஆதாயம் 8 விழுக்காடு எனவும் கொண்டால், இன்றைய மதிப்பு பின்வருமாறு அமையும்.

- தாது 10 ஆண்டுகளுக்கு இருந்தால்: 13.4 டாலர்
- தாது 40 ஆண்டுகளுக்கு இருந்தால்: 23.8 டாலர்

கடந்த கால வருவாய் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் 20 டாலர் விலையில் இரண்டாவது மலிவு. முதலாவது நட்டம் தரும். சுரங்கத்தை மூடி நிலத்தைச் சீரமைக்கும் செலவு இதில் சேர்க்கப்படவில்லை. 1983ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் வைரச் சுரங்கம், 2020 நவம்பரில் மூடப்பட்டது. அதன் முந்தைய பத்தாண்டு வருவாயைக் கொண்டு அடுத்த பத்தாண்டைக் கணித்திருந்தால் விடை முற்றிலும் பிழையாக இருந்திருக்கும்.

பிஎச்பியின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டாகும். 1885ஆம் ஆண்டில் பிரோக்கன் ஹில் என்ற இடத்திலிருந்த வெள்ளி, ஈயம், துத்தநாகத் தாதுவை அகழ இந்நிறுவனம் தொடங்கப்பட்டது. 1939ஆம் ஆண்டில் அங்கு தன் அகழ்வை முடித்துக்கொண்டது. இலாபத்தின் ஒரு பகுதியை இரும்புத் தாது, உருக்கு ஆகியவற்றில் முன்னரே முதலிட்டிருந்ததால் நிறுவனம் நிலைத்தது.

இதனால் சுரங்க நிறுவனத்தின் வருவாய் முழுவதையும் ஆதாயமாகக் கொள்ள இயலாது. அதில் ஒரு பகுதி, தீர்ந்த தாதுவுக்கு ஈடாகப் புதிய தாதுவைத் தேடவும் வாங்கவும் செலவாக வேண்டும். ஆண்டறிக்கைகளில் உறுதியான, வாய்ப்புள்ள தாது இருப்புகள் வெளியிடப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் இவை ஜோர்க் விதித்தொகுப்பின்படி வகைப்படுத்தப்படுகின்றன. இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்தால் சுரங்கத்தின் எஞ்சிய ஆயுள் தோராயமாகக் கிடைக்கும்.

பயன்படுத்தும் வகை

சுரங்கப் பங்கொன்றை மதிப்பிடும்போது நீண்டகால மெய் வருவாயுடன் பின்வருவனவும் ஆராயப்பட வேண்டும்.

- சராசரியில் அடங்கிய ஆண்டுகளில் தாதுவின் சராசரி விலை என்ன. இன்றைய விலை அதைவிடக் கூடுதலா, குறைவா
- அந்த வருவாயைத் தந்த சுரங்கங்கள் இன்னும் நிறுவனத்திடம் உள்ளனவா
- தாது இருப்பு எத்தனை ஆண்டுகளுக்குப் போதும்
- விலை தாழ்ந்த காலத்தையும் தாங்கும் அளவுக்குக் கடன் குறைவாக உள்ளதா
- பிற சுரங்க நிறுவனங்களுடன் ஒப்பிடுகையில் ஒரு டன்னுக்கான செலவு எவ்வளவு

இவ்விகிதம் வாங்க அல்லது விற்க உரிய நாளைக் குறிப்பதில்லை. மலிவான பங்கு பல ஆண்டுகள் மலிவாகவே இருக்கலாம். ஏற்றத்தின் உச்சத்தில் கிடைத்த ஓராண்டு இலாபத்தை நிலையான இலாபமாக எண்ணிவிடாமல் தடுப்பதே இதன் முதன்மைப் பயன். நிலத்தடியில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற கேள்விக்கான விடையை, வருவாய்க் கணக்கில் அன்றி, தாது இருப்பு அறிக்கையிலேயே தேட வேண்டும்.